குலைக்கணக்கைப் பூட்டும் ரேன்சம்வேர்

மலேசியாவில் சுங்கை சிப்புட் போன்ற ஒரு தோட்டப்புற நகரில் செம்பனைக் குலை வாங்கும் நிலையம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். லாரி எடைமேடையில் ஏறியதும் கிராணியின் (எழுத்தரின்) கணினியில் எடை பதிவாகிறது. யார் எத்தனை டன் கொண்டுவந்தார், எவ்வளவு முன்பணம் வாங்கியிருக்கிறார், மாதக் கடைசியில் அவருக்குச் சேரவேண்டிய ரிங்கிட் எவ்வளவு என்பதெல்லாம் அந்த ஒரே கணினியில்தான் இருக்கும். ஒரு காலையில் அந்தக் கோப்புகளில் எதுவும் திறக்காமல், பணம் கேட்கும் குறிப்பு மட்டும் திரையில் நின்றால், வெட்டிய குலை அதற்காகக் காத்திருக்காது. ஏறக்குறைய ஒரு நாளுக்குள் ஆலைக்குப் போகாவிட்டால் பழத்தில் கொழுப்பு அமிலம் ஏறி, எண்ணெயின் தரம் இறங்கிவிடும். பிணைப்பணம் கேட்பவர்களின் பேரம் முழுவதும் இந்த அவசரத்தின்மேல்தான் நிற்கிறது.

இப்படிப் பிணைப்பணம் கேட்கும் தீய நிரல்தான் ரேன்சம்வேர். அது கோப்புகளைக் குறியாக்கம் செய்கிறது, அதாவது சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி மாற்றிவிடுகிறது. உள்ளே புகுந்த நிரல் முதலில் ஒரு ரகசியச் சாவியை உருவாக்கி, ஏஇஎஸ் போன்ற வேகமான குறியாக்க முறையில் கோப்புகளைப் பூட்டுகிறது. பூட்டிய சாவியே திறக்கவும் போதும் என்பதால், அதைக் கணினியிலேயே விட்டுவைத்தால் யாராவது தேடி எடுத்துவிடலாம். ஆகவே ஆர்எஸ்ஏ போன்ற இரட்டைச் சாவி முறையின் பொதுச் சாவியைக் கொண்டு அந்த ரகசியச் சாவியையும் பூட்டிவிட்டு, அதன் மூலத்தை நினைவகத்திலிருந்து துடைத்துவிடுகிறது. கோயில் உண்டியலில் யார் வேண்டுமானாலும் காசு போடலாம், திறப்பது நிர்வாகத்தால் மட்டுமே முடியும். பொதுச் சாவியும் அப்படிப்பட்டதுதான். திறக்கும் தனிச் சாவி தாக்குபவரிடமே இருக்கிறது. 256 பிட் சாவியை ஒவ்வொன்றாக முயன்று கண்டுபிடிப்பது உலகின் எல்லாக் கணினிகளும் சேர்ந்தாலும் நடக்காத காரியம்.

1989-இல் ஜோசப் பாப் என்பவர் நெகிழ்வட்டுகளில் அனுப்பி, பனாமாவிலுள்ள அஞ்சல் பெட்டிக்கு 189 டாலர் அனுப்பச் சொன்ன முதல் ரேன்சம்வேரில் இந்த இரண்டாவது பூட்டு இல்லை. அதனால் மீட்கும் நிரலை மற்றவர்களால் எழுத முடிந்தது. பொதுச் சாவியைச் சேர்த்தால் அந்த வழியும் அடைபடும் என்று ஆடம் யங், மோட்டி யுங் என்ற இரு ஆய்வாளர்கள் 1996-இலேயே விளக்கினார்கள்.

நுழையும் வழிகள் பெரும்பாலும் சாதாரணமானவை: விலைப்பட்டியல் போல வரும் மின்னஞ்சல் இணைப்பு, காசு கொடுக்காமல் இறக்கிய திருட்டு மென்பொருள், புதுப்பிக்காத விண்டோஸ். 2017 மே 12 அன்று பரவத் தொடங்கி ஏறத்தாழ 150 நாடுகளைத் தொட்ட வானாக்ரை என்ற ரேன்சம்வேர் பயன்படுத்திய விண்டோஸ் ஓட்டைக்கு, மைக்ரோசாஃப்ட் இரண்டு மாதங்களுக்கு முன்பே திருத்தம் வெளியிட்டிருந்தது. ஆனால் சிறு கடைகளில் நான் அதிகம் அஞ்சுவது வேறொன்றை. ஈப்போவிலிருக்கும் கணக்காளர் வீட்டிலிருந்தே மாதக் கணக்கை முடிக்கட்டும் என்று தொலைவிலிருந்து கணினியை இயக்க உதவும் ரிமோட் டெஸ்க்டாப்பை இணையத்துக்கு நேராகத் திறந்து வைத்து, கடைப்பெயரையே கடவுச்சொல்லாகப் போடுகிறார்கள். அத்தகைய வாசல்களைத் தானியங்கி நிரல்கள் இரவும் பகலும் தேடிக்கொண்டே இருக்கின்றன. அதை மூடிவிட்டு, இரண்டாம் கட்டச் சரிபார்ப்புள்ள விபிஎன் என்ற பாதுகாப்பான தனி இணைப்பு வழியாக மட்டும் அவரை உள்ளே விடுவதற்குப் பெரிய செலவு ஆகாது.

வாசலை எத்தனை காத்தாலும் ஒரு நாள் தவறலாம். அப்போது கைகொடுப்பது காப்புப் பிரதி மட்டுமே. இதைத் தாக்குபவர்களும் நன்கு அறிவார்கள். எனவே கோப்புகளைப் பூட்டுமுன் விண்டோஸ் தானாக எடுத்து வைத்திருக்கும் நிழற்பிரதிகளை அழித்துவிடுகிறார்கள்; கணினியில் செருகியபடியே இருக்கும் வெளிவட்டையும் சேர்த்துப் பூட்டுகிறார்கள். மேகச் சேமிப்பில் தானாக ஒத்திசையும் கோப்புறை இருந்தால், பூட்டிய கோப்பே நல்ல கோப்பின் மேல் எழுதப்படும். பழைய பதிப்புகளை வைத்திருக்கும் வசதி இருந்தால்தான் அங்கே மீட்சி உண்டு.

ஆகவே குலை நிலையத்துக்கு இரண்டு வெளிவட்டுகள் வேண்டும். மாலையில் கடைசி லாரி போனபின் ஒன்றைச் செருகி, அன்றைய எடைச்சீட்டுக் கோப்புகளைப் பிரதியெடுத்து, உடனே கழற்றிவிட வேண்டும். மற்றது முதலாளியின் வீட்டில் இருக்கட்டும், வாரம் ஒருமுறை இரண்டும் இடம் மாறட்டும். மாதம் ஒருமுறையாவது வேறொரு கணினியில் போன மாதக் கணக்கைத் திறந்து பார்ப்பதும் அவசியம், ஏனெனில் திறந்து பார்க்காத பிரதி இருக்கிறதா இல்லையா என்று யாருக்கும் தெரியாது. இந்த வேலையைப் பெரும்பாலோர் விட்டுவிடுகிறார்கள்.

தரவைத் திருடிக்கொண்டு, வெளியிட்டுவிடுவோம் என்று மிரட்டும் இரண்டாவது உத்தியைப் பிரதி தடுக்காது. தொழிலாளரின் அடையாள அட்டை எண்களையும் வங்கிக் கணக்கு விவரங்களையும் தேவைக்கு மேல் சேர்த்து வைக்காமலிருப்பதே அதற்கான தடுப்பு.

தாக்குதல் நடந்துவிட்டால் முதலில் இணையக் கம்பியைப் பிடுங்கி, வைஃபையை அணைக்க வேண்டும். பதற்றத்தில் காப்பு வட்டை அந்தக் கணினியிலேயே செருகினால் அதுவும் போய்விடும். இணையப் பாதுகாப்புக்கான அரசு நிறுவனமான சைபர்செக்யூரிட்டி மலேசியாவின் சைபர்999 உதவி மையத்தில் புகார் செய்யலாம். பணம் கட்டினால் சாவி வரும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. வந்தாலும் எல்லாக் கோப்பும் திறக்காமல் போகலாம். விண்டோஸைப் புதிதாக நிறுவிய பிறகே பிரதியிலிருந்து கணக்கை ஏற்ற வேண்டும். பிரதியே இல்லாதவர் பூட்டிய வட்டை அழிக்காமல் தனியாக எடுத்து வைக்கலாம். ஐரோப்பிய ஒன்றியத்தின் காவல் அமைப்பான யூரோபோலும் டச்சுக் காவல்துறையும் சேர்ந்து 2016-இல் தொடங்கிய ‘நோ மோர் ரேன்சம்’ தளத்தில், கைப்பற்றப்பட்ட அல்லது உடைக்கப்பட்ட சாவிகளைக் கொண்ட மீட்பு நிரல்கள் இலவசமாக வெளிவருகின்றன, சில சமயம் தாக்குதல் நடந்து பல மாதங்கள் கழித்தும்.