தேய்த்தால் போகாது: மூன்று தலைமுறைத் தோலும் ஒரே குளியலறையும்

பதின்மூன்று, பதினான்கு வயதுப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வரும் அம்மாக்களில் பலர், உட்காருவதற்கு முன்பே பிள்ளையின் காலரைப் பின்னால் இழுத்துக் கழுத்தைக் காட்டுவார்கள். "ஒழுங்கா தேய்ச்சுக் குளிக்க மாட்டேங்கிறான் டாக்டரம்மா, எவ்வளவு அழுக்குன்னு பாருங்க." பிள்ளை தலையைக் குனிந்துகொண்டு நிற்கும். அந்தக் கழுத்தில் ஏற்கெனவே எலுமிச்சம்பழம், சமையல் சோடா, பாத்திரம் தேய்க்கும் நார் என்று எல்லாமே ஒரு சுற்று நடந்து முடிந்திருக்கும். கருமை அப்படியே இருக்க, அதன் மேல் தோல் சிவந்து, உரிந்து, சில இடங்களில் புண்ணாகவே ஆகியிருக்கும்.

அது அழுக்கு இல்லை. தொட்டால் மெத்தென்று, கொஞ்சம் தடித்து, வரிவரியாக இருக்கும். கழுத்தின் பின்பக்கம், அக்குள், சிலருக்குத் தொடை இடுக்கு, விரல் முட்டிகள் என்று இடம் பார்த்து வரும். அகாந்தோசிஸ் நைக்ரிகன்ஸ் என்று இதற்குப் பெயர். உடம்பு இன்சுலின் சொல்வதைச் சரியாகக் கேட்காதபோது கணையம் இன்னும் அதிகமாக இன்சுலினைச் சுரக்கிறது, அந்த அதிகப்படி இன்சுலின் தோல் செல்களைத் தூண்டிவிட்டுப் பெருக வைக்கிறது, தோல் தடித்துக் கருக்கிறது. அதாவது பிள்ளைக்கு வேண்டியது சர்க்கரைப் பரிசோதனை, எடையைக் கவனிப்பது, பெண் பிள்ளையாக இருந்தால் மாதவிடாய் ஒழுங்காக வருகிறதா என்று கேட்பது. எடை குறையக் குறைய இந்தக் கருமை தானாக மங்கும், மாதக்கணக்கில் ஆகும், ஆனால் மங்கும். நாரால் தேய்த்தால் இன்னும் கருக்கும். இதையும் சொல்லிவிடுகிறேன்: வயதான ஒருவருக்கு, உடம்பு மெலிந்துகொண்டே வரும் நேரத்தில், இந்தக் கருமை திடீரென்று வேகமாகப் பரவினால் அது வேறு விஷயம், தள்ளிப்போடாமல் மருத்துவரைப் பாருங்கள்.

நிஜமாகவே அழுக்கு மாதிரி தெரிகிற, ஆனால் சோப்புப் போட்டு எவ்வளவு தேய்த்தாலும் போகாத இன்னொன்றும் உண்டு. தினமும் குளிக்கிற பிள்ளைகளுக்கே வரும். தோலின் மேல் படிந்த இறந்த செல்கள் உதிராமல் அங்கேயே கெட்டிப்பட்டுப் பழுப்பாக நிற்கும். ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால் துடைத்தால் பஞ்சு பழுப்பாகும், அடியில் பிள்ளையின் சொந்த நிறம் வந்துவிடும், அந்த ஒரு துடைப்பிலேயே எது என்ன என்று எங்களுக்குத் தெரிந்துவிடும். வீட்டில் இதை நீங்களே செய்து பார்க்க வேண்டாம், ஏற்கெனவே தேய்த்துப் புண்ணாக்கிய கழுத்தில் ஸ்பிரிட் பட்டால் பிள்ளை துடித்துவிடும்.

இதைப் பற்றி ஏன் இவ்வளவு எழுதுகிறேன் என்றால், ஒரே கூரைக்குள் அப்பத்தா, அம்மா, பிள்ளை என்று மூன்று தலைமுறை இருக்கும் வீடுகளில் சுத்தம் பற்றி நடக்கும் சண்டைகளில் பெரும்பாலானவை இதே மாதிரிதான் இருக்கின்றன. ஒவ்வொருவரும் தன் தோலுக்குப் பழகிய குளியலை அடுத்தவர் தோலுக்கும் சட்டமாக்கிவிடுகிறார்கள். ஐம்பது வயதில் இருப்பவருக்குத் தேய்ப்பதுதான் குளியல். இருபது வயதுக்கு வாசனைதான் குளியல். எண்பது வயதுக்கு ரெண்டு செம்பு வெந்நீர் போதும். மூன்று தோலும் வேறு வேறு, மூன்றுக்கும் வேண்டியதும் வேறு.

அந்த ஐம்பது வயதுக்காரர்களையே எடுத்துக்கொள்வோம். மேல் முதுகு, தோள்பட்டை, கையின் வெளிப்பக்கம், முழங்காலுக்குக் கீழே எலும்பு தெரியும் இடம், இங்கெல்லாம் அலை அலையாக ஒரு சாம்பல் கலந்த கருமையோடு வருவார்கள், பெண்கள்தான் அதிகம். "முதுகு கறுத்துப்போச்சு, எவ்வளவு தேய்ச்சாலும் போகலை" என்பார்கள். தேய்ப்பதால்தான் கறுக்கிறது என்று சொன்னால் நம்ப மாட்டார்கள். பீர்க்கங்கூட்டில் தேய்த்த காலம் போய் நைலான் நார் வந்த பிறகு இது கூடிவிட்டது என்பது என் அனுபவம். நைலான் இழை ஒவ்வொரு நாளும் தோலின் மேல்பகுதியை உரசுகிறது, அந்த உரசலில் நிறமிகள் கீழே இறங்கிப் படிந்துவிடுகின்றன. கறுத்துவிட்டதே என்று இன்னும் அழுத்தித் தேய்ப்பார்கள், அது இன்னும் கறுக்கும். நாரை விட்டுவிட்டு உள்ளங்கையால் சோப்புப் போட்டால் போதும், மருந்தெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

இளசுகள் பக்கம் வருவோம். முகப்பருவுக்கு ஒரு நாளைக்கு ஐந்தாறு தடவை முகம் கழுவுகிறார்கள். பரு உருவாவது தோலுக்கு உள்ளே இருக்கும் எண்ணெய்ச் சுரப்பியின் குழாயில்; மேலே எத்தனை தடவை கழுவினாலும் அங்கே போய்ச் சேராது. காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று, வேர்த்தால் ஒன்று கூடுதல், அவ்வளவுதான். ஆனால் முகத்தை இத்தனை கவனிக்கிற பிள்ளை, விடுதி அறையில் கொடி கட்டி மின்விசிறிக் காற்றில் பாதி காய்ந்த ஜட்டியை அப்படியே போட்டுக்கொள்வான், வேர்த்த ஜீன்ஸைத் துவைக்காமல் நாலு நாள் போடுவான், அறைத்தோழனின் துண்டால் துடைப்பான், மேலே பாடி ஸ்பிரே அடித்துக்கொள்வான். அப்புறம் தொடை இடுக்கில் வட்ட வட்டமாகப் படர்தாமரையோடு வருவான்.

இந்த இடத்தில் அப்பத்தா சொல்வதுதான் சரி. உள்ளாடையைத் தனியாக, வெந்நீரில் அலசி, உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பி, சுள்ளென்ற வெயிலில் காயப்போட வேண்டும் என்று அந்தத் தலைமுறை சொல்லிக்கொண்டே இருந்தது. படர்தாமரைப் பூஞ்சைக்குப் பிடிக்காதவை சூடும் உலர்வும்தான். இன்று ஊரெல்லாம் பரவியிருக்கிற படர்தாமரை பழைய ஆள் இல்லை, சாதாரணமாகக் கொடுக்கும் மாத்திரைக்கு எளிதில் மசிவதில்லை, வீட்டில் ஒருவருக்கு வந்தால் எல்லோருக்கும் வருகிறது. கூடவே மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் மூணு மருந்து கலந்த ஆயின்மெண்ட் வேறு. அதில் இருக்கும் ஸ்டீராய்டு ரெண்டே நாளில் அரிப்பை அடக்கிவிடும், பூஞ்சை அடியில் நிம்மதியாகப் பரவும், தொடையில் தோல் மெலிந்து வரிவரியாகக் கிழிந்த தழும்பு விழும். அந்தத் தழும்பு ஆயுசுக்கும் போகாது. 2018இலேயே இப்படிப்பட்ட பல ஸ்டீராய்டு களிம்புகளை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று மத்திய அரசு சொல்லிவிட்டது. இன்றும் என்னிடம் வருபவர்களில் பாதிப்பேர் கையில் அந்த டியூப் இருக்கிறது.

அப்பத்தா எல்லாவற்றிலும் சரியா என்றால், இல்லை. பொடுகு இருக்கும் தலையில் எண்ணெய் வைத்து ஊறப்போடுவது பொடுகை வளர்க்கும், ஏனென்றால் பொடுகோடு சம்பந்தப்பட்ட ஈஸ்ட் கிருமி கொழுப்பைத் தின்று வாழ்வது. பச்சைக்குழந்தை விஷயத்தில் இன்னும் கறாராகச் சொல்வேன். பிறந்து 24 மணி நேரம் ஆகும் வரை குளிப்பாட்ட வேண்டாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம், உடம்பில் ஒட்டியிருக்கும் வெள்ளை மாவு போன்ற படலம் அழுக்கு இல்லை, குழந்தைக்குக் காப்பு. குளிப்பாட்டும்போது மூக்கில் எண்ணெய் விட்டு ஊதுவது நுரையீரலில் எண்ணெய் இறங்கி நிமோனியா வரை கொண்டுபோகும். குழந்தையின் மார்பைப் பிதுக்கிப் பால் எடுப்பது சீழ்க்கட்டியில் முடியும். சாம்பிராணிப் புகை வேண்டவே வேண்டாம். தேங்காய் எண்ணெய் மெல்லத் தடவுங்கள், அது நல்லது. இளம் அம்மாக்களும் குளிக்கிற தண்ணீரில் கிருமிநாசினி ஊற்றுவதையும், ஒவ்வொரு தடவையும் வாசனை போட்ட ஈரத்தாளால் துடைப்பதையும் நிறுத்த வேண்டும். வெறும் தண்ணீர், மெல்லிய துணி, அதற்கு மேல் தேவை இல்லை.

நான் அதிகம் வருத்தப்படுவது வீட்டின் மூத்தவர்களை நினைத்துத்தான். "அத்தை குளிக்கவே மாட்டேங்கிறாங்க, பக்கத்துல போனா வாடை வருது" என்று மருமகள் அவர் முன்னாலேயே சொல்வார், அந்த அம்மா வேறெங்கோ பார்த்துக்கொண்டிருப்பார். எத்தனையோ பேரைச் சுத்தம் செய்து வளர்த்த மனுஷி அவர். தன்னை அழுக்கு என்று மூன்றாவது ஆள் முன்னால் சொல்வது எப்படி வலிக்கும் என்று அந்த அறையில் எனக்குத் தெரியும். அப்படிச் சொல்லாதீர்கள், வெளியில் வந்து தனியாகச் சொல்லுங்கள்.

வயதான தோலின் கணக்கு வேறு. மேல்தோலைச் செங்கல் சுவர் என்று வைத்துக்கொண்டால் செல்கள் செங்கல், நடுவில் இருக்கும் கொழுப்பு பூச்சுக் கலவை. வயதாக ஆக அந்தக் கலவை குறைந்துகொண்டே வரும். எண்ணெய்ச் சுரப்பும் குறையும், பெண்களுக்கு மாதவிடாய் நின்ற பிறகு இன்னும் குறையும். தோலின் மேற்பரப்பு லேசான அமிலத்தன்மையோடு, பிஹெச் ஐந்துக்குப் பக்கத்தில் இருக்கும். சாதாரண சோப்புக் கட்டி ஒன்பது, பத்து, அதாவது அமிலத்துக்கு நேர் எதிரான காரத்தன்மை. இருபது வயதுத் தோல் அதைச் சீக்கிரம் சரிசெய்துகொள்ளும். எழுபது வயதுத் தோலால் முடியாது. தினமும் கொதிக்கக் கொதிக்க வெந்நீர், கிருமி கொல்லும் சோப்பு, மேலே நார் என்று போட்டால், கொஞ்ச நாளில் முழங்காலுக்குக் கீழே மீன் செதில் போல வெடித்து, ராத்திரி படுத்தால் அரிப்புத் தாங்காது. சொறிந்த இடத்தில் கிருமி உள்ளே போகும். சர்க்கரை இருந்தால் கால் வீங்கிச் சிவந்து ஆஸ்பத்திரியில் படுக்க வேண்டியதாகிவிடும். சுத்தமாக இருக்கட்டும் என்று செய்தது அங்கே கொண்டுபோய் விடுகிறது.

வாடைக்குக் காரணம் பெரும்பாலும் உடம்பு முழுக்க இல்லை. சொட்டுச் சொட்டாகக் கசியும் சிறுநீர், மார்புக்கு அடியில் மடியும் தோல், அக்குள், கால் விரல் இடுக்கு, கழற்றிக் கழுவாத பல் செட், அவ்வளவுதான். இந்த இடங்களைத் தினமும் கழுவி ஒற்றித் துடைத்தால், உள்ளாடையைத் தினமும் மாற்றினால், முழு உடம்புக்கும் சோப்புப் போடுவது வாரத்தில் ரெண்டு மூன்று நாள் போதும். மிதமான வெந்நீர், சுருக்கமான குளியல். துடைத்த ஈரம் முழுக்கக் காய்வதற்குள் தேங்காய் எண்ணெயோ வாசனை இல்லாத ஈரப்பதக் களிம்போ கைகாலில் தடவிவிடுங்கள், அரிப்பில் பாதி அங்கேயே அடங்கும்.

ஏன் குளிக்க மறுக்கிறார்கள் என்று யாராவது கேட்டால்தானே தெரியும். கேட்டால் சொல்வார்கள். டைல்ஸ் வழுக்குது, ஒரு தடவை விழப்பார்த்தேன். தோள்பட்டை வலிக்குது, செம்பைத் தூக்கித் தலைக்கு ஊத்த முடியலை. கொல்லைப்பக்கம் வெயிலில் உட்கார்ந்து குளித்துப் பழகியவருக்கு நிழல் விழுந்த சின்ன அறைக்குள் நடுங்குகிறது. சிலர் தயங்கித் தயங்கிச் சொல்வது, மகன் கையால் குளிக்க உடம்பு கூசுகிறது என்று. இதில் ஒன்றுக்கும் சோப்பு மருந்து இல்லை. அசையாத முக்காலி ஒன்று, வழுக்காத மிதியடி, சுவரில் பிடிமானக் கம்பி, கையில் பிடிக்கும் ஷவர், நல்ல வெளிச்சம். பாவாடையை மார்புக்கு மேல் ஏற்றிக் கட்டியபடியே குளிக்கட்டும், உள்ளே அவரே கழுவிக்கொள்வார், முதுகுக்கு மட்டும் நீங்கள் உதவினால் போதும். எண்ணெய்க் குளியலுக்கு ஆசைப்பட்டால் செய்யலாம், வயதான தோலுக்கு அது நல்லதுதான், ஆனால் எண்ணெய்க்காலோடு தரையில் நடக்க விடாதீர்கள், உட்கார்ந்த இடத்திலேயே தேய்த்துவிட்டு அங்கேயே தண்ணீர் ஊற்றுங்கள், தரையையும் உடனே சோப்புப் போட்டுக் கழுவிவிடுங்கள்.

நேற்று வரை பளிச்சென்று இருந்தவர் திடீரென்று குளியலை விட்டுவிட்டால், அதைப் பிடிவாதம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். மனச்சோர்வாக இருக்கலாம், மறதி நோயின் தொடக்கமாக இருக்கலாம், குளித்தாகிவிட்டது என்றே அவர் நம்பிக்கொண்டிருக்கலாம். அதற்கு என்னிடம் வருவதைவிடப் பொது மருத்துவரிடமோ மனநல மருத்துவரிடமோ போவது நல்லது.

சர்க்கரை உள்ளவர்கள் வீட்டில் இன்னும் ஒரு வேலை. குளித்து முடித்ததும் அவர் காலை உங்கள் மடியில் எடுத்து வைத்து, ஒவ்வொரு விரல் இடுக்கையும் விரித்துப் பாருங்கள், குதிகாலையும் பாருங்கள். அவரால் குனிந்து பார்க்க முடியாது, அடிபட்டாலும் அவர் காலுக்குத் தெரியாது. இடுக்கில் தோல் வெள்ளையாக ஊறிப்போயிருந்தால் அது சேற்றுப்புண், துடைத்து உலர வைத்து மருந்து போட வேண்டும். வெடிப்போ கொப்புளமோ கருமையோ தெரிந்தால் அன்றைக்கே கூட்டிக்கொண்டு வாருங்கள்.