அந்தமானுக்கு ஒரு விமானம் குறைந்தால் எத்தனை அறைகள் காலியாகும்?

ஊட்டிக்கு ரயில் ஓடவில்லை என்றால் பஸ் இருக்கிறது, கார் இருக்கிறது. அந்தமானுக்கு அந்த வசதி இல்லை. சென்னையிலிருந்து போர்ட் பிளேர் (2024 முதல் ஸ்ரீ விஜயபுரம்) ஏறத்தாழ 1,370 கி.மீ. விமானத்தில் இரண்டே கால் மணி நேரம், கப்பலில் ஏறினால் சுமார் மூன்று நாள். ஐந்து நாள் விடுப்பில் கிளம்பும் குடும்பம் கப்பலை நினைத்தே பார்க்காது. வேறு ஊருக்கு டிக்கெட் போட்டுவிடும். 2019 ஏப்ரலில் ஜெட் ஏர்வேஸும், 2023 மே மாதத்தில் கோ ஃபர்ஸ்டும் பறப்பதை நிறுத்தியபோது இந்தத் தீவுகளுக்கான இருக்கைகளும் அவற்றோடு போயின.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். தினமும் வரும் ஒரு ஏ320 விமானத்தில் 180 இருக்கை. மாதத்துக்கு 5,400. அதில் 85 விழுக்காடு நிரம்புகிறது, அவர்களில் மூன்றில் ஒரு பங்கு தீவுவாசிகள், அரசு ஊழியர்கள் என்று வையுங்கள். மிஞ்சும் சுற்றுலாப் பயணிகள் 3,060 பேர். அறைக்கு இருவர், ஐந்து இரவு என்றால் 7,650 அறை-இரவுகள். 50 அறை கொண்ட ஐந்து விடுதிகள் ஒரு மாதம் முழுக்கப் பூட்டிக்கிடப்பதற்குச் சமம் இது. சீசன் இல்லாத மாதமென்றால் மற்ற விமானங்கள் கொஞ்சம் பேரை ஏற்றிக்கொள்ளும். டிசம்பரில் அவையே நிரம்பி வழியும்.

எந்த நேரத்து விமானம் நிற்கிறது என்பது இதைவிட முக்கியம். காலை 8 மணிக்குள் இறங்குபவர் பெட்டியை எடுத்துக்கொண்டு நேரே துறைமுகம் போய், அன்றே ஹேவ்லாக் தீவுக்குப் போகும் ஃபெரியை (பயணிகள் படகை) பிடித்துவிடலாம். அதே ஆள் மதியம் 1 மணிக்கு இறங்கினால் பெரும்பாலும் முடியாது. ஃபெரிக்குப் புறப்பாட்டுக்கு வெகு முன்பே போய் நிற்க வேண்டும்; டிசம்பரில் 5 மணிக்கெல்லாம் இருட்டிவிடும், இருட்டிய பின் ஃபெரி கிடையாது. அந்த இரவு போர்ட் பிளேரில் கழியும். திரும்பும் விமானமும் காலையில் என்றால் முந்தின நாளே ஹேவ்லாக்கைவிட்டுக் கிளம்ப வேண்டும். ஐந்து இரவில் இரண்டு தலைநகரில் போய்விடும். பயணத் திட்டத்தில் முதலில் வெட்டுப்படுவது நீல் தீவு. அங்கே வாடகைக்கு ஸ்கூட்டர் விடுபவரும், கடற்கரையில் இளநீர் விற்பவரும் எந்த விமானம் ஏன் நின்றது என்று அறியாமலே வருமானத்தை இழக்கிறார்கள். இந்த இழப்பை வருகைப் பதிவேட்டில் பார்க்க முடியாது, ஆட்கள் வந்ததாகத்தான் அது காட்டும்.

இருக்கை குறைந்தால் கட்டணம் ஏறும், இது எல்லோருக்கும் தெரிந்ததே. ஒன்றை மட்டும் கவனியுங்கள். நான்கு பேருக்குச் சேர்த்துத் தேடும்போது மலிவு விலையில் இரண்டு இருக்கைதான் மிச்சம் என்றால், நான்கு டிக்கெட்டையும் அடுத்த கூடிய விலையில்தான் பெரும்பாலும் காட்டும். இரண்டு இரண்டாகப் போட்டால் பணம் மிச்சமாகலாம். ஆனால் பி.என்.ஆர். இரண்டாகிவிடும். விமானம் மாறினால் குடும்பம் வேறு வேறு நேரத்துக்குப் பிரிந்துபோகும் ஆபத்து உண்டு. விமான நிறுவனத்தைக் கூப்பிட்டு இரண்டையும் இணைத்துக் குறிக்கச் சொல்லுங்கள். இதே கட்டணத்தைத்தான் சிகிச்சைக்காகச் சென்னை வரும் தீவுவாசியும் கட்டுகிறார். சுற்றுலாப் பயணி பயணத்தைத் தள்ளிப்போடலாம், நோயாளியால் முடியாது. விமானக் குறைப்பைப் பற்றிப் பேசும்போது இதைத்தான் முதலில் பேச வேண்டும் என்பது எங்கள் கருத்து.

சேவை குறையும்போது மிச்சமுள்ள விமானங்களின் நேரமும் மாறும். பிற்பகல் விமானம் காலைக்கு வந்தால் ஸ்கூபா போகிறவர்கள் விழித்துக்கொள்ள வேண்டும். ஒரே ஒரு டைவ் என்றால் பறப்பதற்கு முன் குறைந்தது 12 மணி நேரம், பல டைவ் என்றால் 18 மணி நேரம் இடைவெளி தேவை. உடலில் கரைந்த நைட்ரஜன் வெளியேறும் முன் விமானத்தில் ஏறினால், குறைந்த காற்றழுத்தத்தில் அது குமிழியாகி மூட்டுவலி முதல் பக்கவாதம் வரை கொண்டுபோய்விடலாம். நேரம் மாறிய தகவல் வந்ததும் டைவிங் நாளையும் மாற்றுங்கள்.

விமானம் ரத்தானால் மாற்று விமானமோ முழுப் பணமோ கேட்டு வாங்கும் உரிமை டி.ஜி.சி.ஏ. (விமானப் போக்குவரத்தைக் கண்காணிக்கும் அரசு அமைப்பு) விதியில் இருக்கிறது. 24 மணி நேரத்துக்கு முன் சொல்லாமல் ரத்து செய்தால், இரண்டு மணி நேரத்துக்கு மேற்பட்ட இந்தப் பயணத்துக்கு 10,000 ரூபாய் அல்லது அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்ந்த தொகை, இதில் எது குறைவோ அது இழப்பீடு; புயல் போன்ற காரணங்களுக்குக் கிடையாது. வழித்தடக் குறைப்பைப் பல வாரம் முன்பே சொல்லிவிடுவார்கள் என்பதால் டிக்கெட் பணம் மட்டுமே திரும்பும். ஹேவ்லாக் அறைக்கும் ஃபெரிக்கும் கட்டியதற்கு விமான நிறுவனம் பொறுப்பேற்காது. முகவர் தன் கைபேசி எண்ணைப் போட்டு பதிவு செய்திருந்தால் உங்களுக்குத் தகவலும் வராது, சரியான தொடர்பு எண் தரவில்லை என்று இழப்பீடும் மறுக்கப்படலாம். உங்கள் எண்ணையே போடச் சொல்லுங்கள்.

மதுரை, திருச்சியிலிருந்து வருபவர்கள் சென்னை வழியாக ஒரே பி.என்.ஆரில் எடுப்பது நல்லது. தனித்தனியாக எடுத்து முதல் விமானம் தாமதமானால், இரண்டாவதில் வராத பயணி என்று எழுதிவிடுவார்கள். கடைசி இரவைப் போர்ட் பிளேரிலேயே வையுங்கள். கடல் கொந்தளித்து ஃபெரி நின்றால் சமாளிக்க உங்களிடம் இருப்பது அந்த ஒரு இரவுதான். விமானம் குறைந்த காலத்தில் தவறவிட்டதற்கு அடுத்த இருக்கை மறுநாளே கிடைக்கும் என்று நம்ப முடியாது.