லேட்டன்சி: சுணக்கம்

பெங்களூரு ஒயிட்ஃபீல்டிலோ எலெக்ட்ரானிக் சிட்டியிலோ நம்மவர்கள் இரண்டு பேர் சர்வர் வேலை பேசினால் இந்தச் சொல் வந்துவிடும். "லைன் 1 ஜிபிபிஎஸ் (நொடிக்கு 100 கோடி பிட்) இருக்கு, ஆனாலும் வர்ஜீனியாவுக்கு பேக்கப் நகரவே மாட்டேங்குது. லேட்டன்சி!"

ஒரு தகவல் புறப்பட்டு மறுமுனையைச் சேரப் பிடிக்கும் நேரம்தான் லேட்டன்சி. வழக்கத்தில் போய்த் திரும்பும் நேரத்தையே அளக்கிறோம். பிங் கட்டளை காட்டுவதும் அதுவே. சொல்லின் வேர் லத்தீன். 'லாட்டேரே' என்றால் மறைந்திருத்தல். பள்ளியில் உள்ளுறை வெப்பம் என்று படித்த லேட்டன்ட் ஹீட்டும் இதே வேரில் வந்ததுதான்.

தமிழில் தாமதம் என்று எழுதுபவர்கள் உண்டு. எனக்கு அது ஒட்டவில்லை. தாமதம் என்றால் வரவேண்டிய நேரத்தைத் தாண்டி வருவது. லேட்டன்சியோ எல்லாம் சரியாக நடக்கும்போதும் இருக்கும். கண்ணாடி இழையில் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் போகும். பெங்களூரிலிருந்து வர்ஜீனியா நேர்கோட்டிலேயே ஏறத்தாழ 14,000 கிலோமீட்டர். போய்வர 140 மில்லிசெகண்ட் ஆகியே தீரும். கடலடி கேபிள் வளைந்து வளைந்து போவதால் நடப்பில் 200-ஐத் தாண்டும். இதில் யாரும் தாமதிக்கவில்லை. அதனால் கணினிக் கலைச்சொல்லாக ஏற்கெனவே புழங்கும் 'சுணக்கம்' என்பதையே பரிந்துரைக்கிறேன். இணைப்பில் நொடிக்கு எவ்வளவு தரவு போக முடியும் என்பதைச் சொல்லும் பேண்ட்விட்த்துக்குப் பட்டையகலம் இருக்கிறது. இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

குழப்பினால் என்ன ஆகும் என்பது பெரிய ஃபைல் அனுப்பும்போது தெரியும். இணையத்தில் தரவு சரியாகச் சேர்வதைப் பார்த்துக்கொள்ளும் டிசிபி நெறிமுறையில், அனுப்புகிற சர்வர் ஓரளவு தரவை அனுப்பிவிட்டு, 'வந்து சேர்ந்தது' என்ற பதிலுக்குக் காத்திருக்கும். பழைய டிசிபியில் அந்த அளவு அதிகபட்சம் 64 கேபி. போய்வர 200 மில்லிசெகண்ட் என்றால் நொடிக்கு 5 தடவைதான் அனுப்ப முடியும். அதாவது சுமார் 2.6 எம்பிபிஎஸ். 1 ஜிபிபிஎஸ் லைனில் கால் மணி நேரத்துக்குள் போகவேண்டிய 100 ஜிபி, இந்தக் கணக்கில் மூன்றரை நாள் எடுக்கும். அதே 64 கேபியோடு பக்கத்துச் சென்னைக்கு அனுப்பினால் சுணக்கம் சில மில்லிசெகண்ட்தான். குறை இந்த அளவுக்குத் தெரியாது.

இந்த 64 கேபி எல்லையைத் தாண்டும் வழி 1992-லேயே டிசிபியில் சேர்ந்துவிட்டது. நம் உதாரணத்தில் லைன் நிரம்ப வேண்டுமானால் பதில் வருவதற்குள் 25 எம்பி வழியில் இருக்க வேண்டும். ஆனால் இரண்டு முனையிலும் பஃபர் (தரவைத் தற்காலிகமாக வைத்திருக்கும் நினைவக இடம்) சிறிதாக இருந்தால் அந்த வசதி இருந்தும் பயனில்லை. அதனால் முதலில் பஃபரைப் பாருங்கள். அப்புறம் ஒரே ஃபைலைத் துண்டுகளாக்கிப் பல இணைப்புகளில் ஒரே நேரத்தில் அனுப்பலாம். பொடிப்பொடி ஃபைல்கள் ஆயிரக்கணக்கில் இருந்தால் டார் என்ற கட்டளை போட்டு ஒரே ஃபைலாக்கி அனுப்புங்கள்; இல்லையென்றால் பல கருவிகளில் ஒவ்வொரு ஃபைலுக்கும் அந்தச் சுணக்கத்தைத் தனித்தனியாகக் கொடுக்க வேண்டிவரும்.