பாரலாக்ஸ்: இடமாறு தோற்றத்தில் பிழை எங்கே?

வள்ளியூரிலிருந்து பணகுடிப் பக்கம் பேருந்தில் போகிறவர்களுக்கு இந்தச் சொல்லைப் புரியவைப்பது எளிது. சன்னலோரப் பனைகள் விறுவிறுவெனப் பின்னால் ஓடும். காற்றாலைகள் மெல்ல நகரும். மகேந்திரகிரி மலை கூடவே வரும். காற்றாலை வரிசை ஒரு கணம் ஒற்றைத் தூணாக ஒடுங்கி, மறுகணம் விசிறிபோல் விரியும். நகர்ந்தது நாம், மாறினது அவை நிற்கும் ஒழுங்கு. இதுதான் பாரலாக்ஸ்.

சொல்லின் வேர் கிரேக்கம். 'பாராலாக்ஸிஸ்' என்றால் மாறுதல். அதனடியில் மாற்று என்னும் பொருளுள்ள வினையும், அதற்கும் அடியில் 'மற்றொன்று' எனப் பொருள்படும் 'அல்லோஸ்' என்ற சொல்லும் இருக்கின்றன. பிரெஞ்சு வழியாக 16-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலத்துக்கு வந்தது. வானியலாரிடம் இது அளக்கும் கருவி. பூமி சூரியனைச் சுற்றும்போது அருகிலுள்ள விண்மீன் தொலைவிலுள்ளவற்றுக்கு எதிரே இம்மியளவு விலகித் தெரியும். 1838-இல் ஜெர்மன் வானியலாளர் பெஸ்ஸல் அந்த விலகலை வைத்தே 61 சிக்னி என்ற விண்மீனின் தொலைவைக் கணித்தார்.

தமிழில் இது பெரும்பாலும் பள்ளிப் பாடநூல் வழியாக, 'இடமாறு தோற்றப் பிழை' என்று பரவியது. அளவுகோலைச் சாய்வாகப் பார்க்காதே என்பது பாடம். 2 மி.மீ. தடிமனுள்ள மரக்கோலை 45 பாகை சாய்ந்து பார்த்தால், வாசிப்பும் 2 மி.மீ. தவறும். தூக்குக்குண்டு நூலைச் சுவரின் விளிம்போடு ஒட்டிப் பார்க்கும் கொத்தனார் ஒரு கண்ணை மூடிக்கொள்வதும் இதற்காகத்தான். இரண்டு கண்ணுக்கும் இடையே ஏறத்தாழ ஆறரை சென்டிமீட்டர் இருக்கிறது. இரண்டும் திறந்திருந்தால் நூல் இரண்டு இடத்தில் நிற்கும்.

அளப்பவருக்கு அது பிழை, சரி. ஆனால் சிற்பத்தைப் பற்றி எழுதும்போதும் 'இடமாறு தோற்றப் பிழை' என்றே எழுதிவிடுகிறார்கள். அங்கே பிழை எதுவும் இல்லை. 'இடமாறு தோற்றம்' போதும். இதில் 'மாறு தோற்றம்' வினைத்தொகை: மாறிய, மாறுகின்ற, மாறும் தோற்றம் என முக்காலமும் அடங்கும். இடம் மாறுவது பார்ப்பவரா, பொருளா என்று சொல் பிரித்துக் காட்டவில்லை என்று குறை சொல்பவர்கள் உண்டு. அந்தக் குழப்பமே சொல்லுக்கு அழகு என்பேன். பேருந்தில் நமக்கு நேர்வதும் அதுதானே. 'தோற்றமயக்கம்' என்று மாற்றி எழுதுவது மட்டும் கூடாது. அது கண்ணை ஏமாற்றும் வேறொரு சங்கதி.

குறிப்பிட்ட நிலத்துக்கென்றே செய்யும் வடிவியல் சிற்பங்கள் இந்த மாற்றத்தை நம்பித்தான் நிற்கின்றன. அமெரிக்கச் சிற்பி ரிச்சர்ட் செர்ரா 1970–72-இல் கனடாவின் கிங் சிட்டி வயல்வெளியில் 'ஷிஃப்ட்' என்ற பெயரில் ஆறு கான்கிரீட் சுவர்களை நிறுத்தினார். அதற்குமுன் அவரும் கலைஞர் ஜோன் ஜோனஸும் மேடும் பள்ளமுமான அந்த நிலத்தில் எதிரெதிரே நடந்து பார்த்தார்கள். ஒருவர் கண்ணுக்கு மற்றவர் தப்பாமல் எவ்வளவு தூரம் விலக முடிகிறதோ, அதுவே சிற்பத்தின் எல்லை ஆயிற்று. எங்கே நின்று படமெடுத்தாலும் முழுச் சிற்பமும் அகப்படாது.

நம்மூரில் இதை உணர நெல்லையப்பர் கோயில் சங்கிலி மண்டபத்தில் நடந்தால் போதும். 1647-இல் வடமலையப்ப பிள்ளையன் கட்டியது. சுவாமி கோயிலையும் அம்மன் கோயிலையும் இணைப்பது. நடுவில் நடந்தால் இருபக்கத் தூண்களும் ஒன்றையொன்று மறைப்பதும் விலகுவதுமாக இருக்கும். நின்றால் அதுவும் நின்றுவிடும். கணக்கும் சிறியதுதான்: ஒரு மீட்டர் பக்கவாட்டில் நகர்ந்தால் 5 மீட்டர் தள்ளியுள்ள தூண் ஏறக்குறைய 11 பாகை விலகும், 50 மீட்டர் தள்ளியுள்ளது ஒரு பாகை சொச்சமே. அருகில் ஒன்று, தொலைவில் ஒன்று என இரண்டும் இல்லாவிட்டால் இடமாறு தோற்றம் கண்ணுக்குப் புலப்படாது.

இத்தகைய சிற்பத்தைப் படமெடுக்கும் காணொளிக் கலைஞர் பெரும்பாலும் தவறுவது இங்கேதான். ஜூம் செய்தால் சிற்பத்தை நெருங்கிவிட்டதாக நினைப்பார். ஜூம் எல்லாவற்றையும் ஒரே விகிதத்தில் பெருக்கும். முன்சுவர் பின்சுவரை எவ்வளவு மறைத்ததோ அவ்வளவேதான் மறைக்கும். முக்காலியில் வைத்துக் கேமராவைத் திருப்பினாலும் கிட்டத்தட்ட இதே கதை. கேமராவே இடம்பெயர வேண்டும். கேமராவை வழுக்கி நகர்த்தும் தண்டவாளமான ஸ்லைடர் 60 முதல் 100 செ.மீ. நீளமிருந்தால் போதும். லென்ஸ் நிற்கிற ஆளின் கண்ணுயரத்தில், தரையிலிருந்து ஒன்றரை மீட்டருக்குச் சற்று மேலே இருக்கட்டும். ஃபோகஸையும் எக்ஸ்போஷரையும் லாக் செய்துவிடுங்கள். ஒரு விளிம்பு சட்டத்தின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குப் போக ஏழு விநாடியாவது ஆகட்டும். அதைவிட வேகமானால் விநாடிக்கு 25 ஃபிரேமில் செங்குத்துக் கோடுகள் வெட்டி வெட்டி ஓடும்.

செல்போனில் எடுப்பவருக்கு இரண்டு தொல்லை. அருகில் போனதும் போன் தானாகவே லென்ஸை மாற்றிக்கொள்ளும். லென்ஸ்கள் வெவ்வேறு இடத்தில் இருப்பதால் சுவர் ஒரு துள்ளு துள்ளும். லென்ஸ் மாறாமலிருக்க கேமரா செட்டிங்ஸில் வழி உண்டு. மற்றொன்று, கை நடுக்கத்தைச் சரிக்கட்டும் மின்னணு ஸ்டெபிலைசேஷன். அது சட்டம் முழுவதையும் ஒரே தட்டாகக் கருதி நிலைநிறுத்தப் பார்க்கும். அருகும் தொலைவும் வெவ்வேறாக நகர்வதால் நேரான விளிம்பு அலைபோல நெளியும். அணைத்துவிடுங்கள். ஆனி, ஆடிக் காற்றில் பணகுடிப் பக்கம் எடுப்பதானால் முக்காலியின் நடுக்கொக்கியில் மணல்மூட்டை தொங்கவிடாமல் தொடங்கவே வேண்டாம். மூட்டை தரையைத் தொட்டபடி இருக்கட்டும், ஊஞ்சலாடினால் அதுவே அசைவாகிவிடும்.

திரையிடும்போது இன்னொரு இழப்பு. பார்ப்பவர் அரங்கில் எங்கே நகர்ந்தாலும் தட்டைத் திரையில் முன்சுவர் பின்சுவரை விட்டு விலகாது. ஒரு மீட்டர் இடைவெளியில் இரண்டு கேமராவால் எடுத்து, எதிரெதிர்ச் சுவர்களில் திரையிடுவது ஒரு மாற்று. நடுவில் நிற்பவர் தலையைத் திருப்பித்தான் ஒப்பிட முடியும். உடம்புக்குக் கொஞ்சம் வேலை வரும். தனித்தனி பிளேயரில் ஓடவிட்டால் சில மணி நேரத்திலேயே ஒன்று முந்தும், ஒன்று பிந்தும். இரண்டு படத்தையும் ஒரே அகலக் கோப்பாக ஒட்டி, ஒரே கணினியிலிருந்து இரண்டு புரொஜெக்டருக்கும் பிரித்துக் கொடுத்தால் விலகாது.