பூவை மட்டும் பார்த்துச் செடி வாங்காதீர்கள்

வீட்டுத் தோட்டம் அமைத்துக் கொடுப்பது என் தொழில். இப்போது அடிக்கடி வரும் கோரிக்கை, "பட்டாம்பூச்சி வர்ற மாதிரி ஏதாவது வைங்க" என்பது. சரி என்று நர்சரிக்குப் போனால் கையில் கொடுப்பது உண்ணிச்செடியும் அடுக்குச் செம்பருத்தியும்தான். உண்ணிச்செடிக்குப் பட்டாம்பூச்சி வரும், பொய்யில்லை. தேன் குடித்துவிட்டுப் போய்விடும். முட்டையிட அதற்கு வேறு செடி வேண்டும். அது சுற்றுவட்டாரத்தில் எங்கும் இல்லையென்றால் அடுத்த தலைமுறை கிடையாது.

காரணம், பல பட்டாம்பூச்சிகளின் புழு கண்ட இலையையும் தின்னாது. சிவப்புடல் அழகியின் புழுவுக்கு ஆடுதீண்டாப்பாளை, ஈஸ்வரமூலி வகையறா இலைதான் உணவு. அந்த இலையின் நஞ்சை உடம்பில் சேர்த்துக்கொள்வதால் பறவைகள் அதை விட்டு விலகுகின்றன. (கறிவேப்பிலை அழகியின் பெண்பூச்சிகளில் ஒரு வகை, நஞ்சே இல்லாமல் இதன் வேஷத்தை மட்டும் போட்டுக்கொண்டு தப்பிக்கிறது. அது வளர்வது நம் கொல்லைக் கறிவேப்பிலையில்!) கரிசல் தரிசும் வேலியோரமும் மனையாகும்போது ஆடுதீண்டாப்பாளை போகிறது, கூடவே பூச்சியும் போகிறது.

ஈஸ்வரமூலிக்குப் பதிலாக அதே குடும்பத்துத் தென்னமெரிக்க அலங்காரக் கொடியை யாராவது நீட்டினால் வாங்காதீர்கள். ஆஸ்திரேலியாவில் ரிச்மண்ட் பேர்ட்விங் என்ற பெரிய பட்டாம்பூச்சி ஏமாந்துபோய் அந்தக் கொடியில் முட்டையிடுகிறது. பொரிந்த புழுக்கள் இலையைத் தின்று சாகின்றன. நம் ஊரில் அந்த வம்பு எதற்கு? ஈஸ்வரமூலியையும் கைவைத்தியத்துக்குப் பறிக்க வேண்டாம். அதிலுள்ள அமிலம் மனிதச் சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

தேனீக்களுக்காக ஒரே ஒரு செடிதான் வைக்க முடியும் என்றால் நான் ஆவாரையைத்தான் சொல்வேன். அதன் பூவில் தேன் இல்லை, மகரந்தம் மட்டும்தான். அதுவும் மகரந்தப் பையின் நுனியில் உள்ள சிறு துளை வழியாகத்தான் வெளியே வரும். நாம் கருவண்டு என்று விரட்டுகிறோமே, அந்தத் தச்சுத் தேனீயும் நீலப்பட்டைத் தேனீயும் பூவைக் கட்டிப்பிடித்து, உடம்பை அதிரவைத்து மகரந்தத்தை உதிர்க்கும். பெட்டியில் வளர்க்கும் தேனீக்கு இந்த வித்தை வராது. தக்காளிக்கும் கத்தரிக்கும் தேவைப்படுவது இதே அதிர்வுதான். அதனால் காய்கறிப் பாத்திக்குப் பக்கத்திலேயே ஆவாரையை வைக்கச் சொல்கிறேன். அப்புறம் தும்பை, நாய்த்துளசி, நாட்டு இட்லிப்பூ. எருக்கு முளைத்தால் வீடு விளங்காது என்பார்கள். தச்சுத் தேனீயும் வெந்தய வரியன் என்ற பட்டாம்பூச்சியும் அப்படி நினைப்பதில்லை. இடமிருந்தால் வேலியோரம் விட்டுவையுங்கள். பால் கண்ணில் படாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

செடி வைத்துவிட்டு முற்றம் முழுக்க டைல்ஸ் ஒட்டினால் பாதிப் பயன் போயிற்று. நீலப்பட்டைத் தேனீ கூடு கட்டுவது வெறும் மண்ணில், மண்சுவரில். தச்சுத் தேனீக்குப் பட்டுப்போன கிளையோ காய்ந்த மூங்கிலோ வேண்டும்.

மருந்து விஷயத்தில் நான் கறார். இமிடாகுளோப்ரிட் போன்ற பூச்சிமருந்துகள் செடிக்குள்ளேயே ஊடுருவி மகரந்தத்துக்கும் தேனுக்கும் போய்ச் சேர்பவை. ஐரோப்பிய ஒன்றியம் 2018இல் அதையும் அதன் வகையைச் சேர்ந்த இன்னும் இரண்டையும் திறந்தவெளியில் பயன்படுத்தத் தடை போட்டது. நர்சரியில் செடி வாங்கும்போது என்ன மருந்து அடித்தீர்கள் என்று கேளுங்கள். பதில் மழுப்பலாக இருந்தால் விதையிலிருந்தே வளர்க்கலாம்.

"எலுமிச்சை இலையெல்லாம் புழு தின்னுடுச்சு" என்று சிலர் போனில் கோபப்படுவார்கள். எலுமிச்சை அழகி வந்துவிட்டது என்று அர்த்தம், நீங்கள் கேட்டதும் அதைத்தானே என்பேன். கன்று சின்னதாக இருந்தால் புழுவைப் பக்கத்திலுள்ள பெரிய மரத்துக்கு மாற்றிவிடலாம். வளர்ந்த செடி தானே துளிர்த்துக்கொள்ளும்.

ஆவாரைக் கன்று எல்லா நர்சரியிலும் கிடைக்காது. சாலையோரச் செடியில் முற்றிக் காய்ந்த காயைப் பறித்து, விதையை உப்புத்தாளில் லேசாகத் தேய்த்து, ஓர் இரவு ஊறவைத்து விதையுங்கள். தோல் கெட்டி என்பதால் தேய்க்காமல் போட்டால் முளைக்க நாளாகும். தண்ணீர் தேங்காத இடமாகப் பாருங்கள்.