என்ஐ நம்பர் இருந்தால் போதுமா?

லண்டனில் நம்மவர் கடைகளுக்குச் சம்பளக் கணக்கு பார்ப்பது என் தொழில். மாதக் கடைசியில் வாட்ஸ்அப்பில் ஒரு புதுப் பெயர் வரும். கூடவே பிறந்த திகதி, என்ஐ (நேஷனல் இன்சூரன்ஸ்) நம்பர். "அண்ணை, இந்தப் பிள்ளையையும் சேர்த்துவிடுங்கோ." வேலை செய்ய அனுமதி இருக்கிறதா, பார்த்தீர்களா என்றால், "அதுதான் என்ஐ நம்பர் இருக்கே!" போன வாரமும் இதே பதில். பிள்ளை ஏற்கெனவே கல்லாவில் நிற்கிறதாம்.

எத்தனை தடவைதான் சொல்வது? என்ஐ நம்பர் உங்கள் காப்புறுதிப் பணத்தையும் வரியையும் பதிவதற்கான எண். ஒருமுறை கிடைத்தால் ஆயுளுக்கும் அதுதான். விசா முடிந்தாலும் ரத்தானாலும் நம்பர் அப்படியே இருக்கும். என் பேரோல் மென்பொருளும் விசாவைக் கேட்காது. பேசாமல் பேஸ்லிப் அடித்துத் தரும். பேஸ்லிப் வந்துவிட்டதே, இனி எல்லாம் சரி என்று இருந்துவிடாதீர்கள். இங்கே பிறந்த பிரிட்டிஷ் குடிமகன் முழுப் பிறப்புச் சான்றிதழோடு என்ஐ நம்பர் உள்ள அரசுக் கடிதத்தையும் காட்டினால் வேலை அனுமதிக்குச் சான்றாகச் செல்லும். நம்பர் மட்டும் தனியாகச் செல்லாது. டிரைவிங் லைசென்ஸும் செல்லாது.

விசாக்காரர் என்றால் ஷேர் கோட் கேளுங்கள். தன் வேலை அனுமதியை முதலாளி பார்ப்பதற்காக அவர் அரசு இணையத்தில் எடுத்துத் தரும் குறியீடு அது. வேலைக்கான கோட் டபிள்யூவில் தொடங்கும், 90 நாள் செல்லும். அவர் தன் போனில் காட்டுவதைப் பார்த்துத் தலையாட்டினால் அது சோதனை ஆகாது. முதலாளிகளுக்கான அரசு இணையப் பக்கத்தில் நீங்களே அந்த ஷேர் கோடையும் அவர் பிறந்த திகதியையும் போட்டு, வரும் படம் அந்த ஆள்தானா என்று பார்த்து, பக்கத்தைத் திகதியோடு சேமியுங்கள். இதெல்லாம் முதல் ஷிஃப்டுக்கு முன்பே. பிஆர்பி (வெளிநாட்டவருக்குக் கொடுத்த வதிவிட அனுமதி) அட்டையின் நகலை இன்னும் ஃபைலில் செருகுகிறவர்கள் தயவுசெய்து நிறுத்துங்கள். 2022 ஏப்ரல் 6 முதல் இந்தச் சோதனைக்கு அது செல்லாது.

மாணவர் விசாவில் பட்டப்படிப்பு படிப்பவருக்குத் தவணைக் காலத்தில் வாரம் 20 மணித்தியாலம்தான் வேலை. இரண்டு கடையில் நின்றாலும் சேர்த்துத்தான் 20. தவணைத் திகதிகளை எழுத்தில் வாங்கி வையுங்கள். "செல்ஃப் எம்ப்ளாய்டு (சுயதொழில்) என்று போடுவமா?" என்று மட்டும் என்னிடம் கேட்காதீர்கள். மாணவர் விசாவில் சுயதொழிலுக்கே அனுமதியில்லை.

அனுமதி இல்லாதவரை வேலைக்கு வைத்தால், 2024 பெப்ரவரி முதல் முதலாளிக்குத் தண்டம் ஆளுக்கு 45,000 பவுண்டு வரை, மறுபடி பிடிபட்டால் 60,000 வரை. ஊர்ப் பிள்ளை, மச்சானின் தம்பி என்பதெல்லாம் அங்கே எடுபடாது. அதற்காகப் புதிதாக வந்தவரை மட்டும் பிடித்துச் சோதிக்கவும் கூடாது. அது பாகுபாட்டு வழக்கில் போய் முடியும். பிரிட்டிஷ் பாஸ்போட் வைத்திருப்பவரையும் சேர்த்து எல்லோரையும் பாருங்கள்.

வேலை தேடும் பிள்ளைகளே, புதுப் பாஸ்போட் எடுத்தால் உங்கள் ஈவிசா (இணையத்தில் உள்ள விசாப் பதிவு) கணக்கில் உடனே ஏற்றுங்கள். முதலாளி கேட்டால் ஷேர் கோடைக் கொடுங்கள். "பாஸ்போட் என்னிடமே இருக்கட்டும்" என்று சொல்பவரிடம் வேலைக்குப் போக வேண்டாம்.