தூக்குக்குண்டை மணல் பிடித்த கதை

பெங்களூரு அல்சூர் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: பக்கத்துக் கட்டடத்தின் மூன்றாம் மாடியில் கொத்தனார் கைதவறவிட்ட தூக்குக்குண்டு, கீழே குவித்திருந்த எம்சாண்டில் விழுந்து ஒரு சாண்கூடப் புதையவில்லை. குழந்தை விரலால் நோண்டினால் இடம் கொடுக்கும் மணல், இரும்பை எப்படி நிறுத்தியது? பூமாதேவி தாங்கினாள் என்று கொத்தனார் எலுமிச்சம்பழம் நறுக்கி வைத்தாராம். இந்த வெயிலுக்குப் பிழிந்து குடித்திருக்கலாம்.

வேகமாக நுழையும் குண்டு மணலை ஒதுக்கித் தள்ள வேண்டும். அந்தத் தடை வேகத்தின் வர்க்கத்தோடு ஏறும். வேகம் தணிந்ததும், ஆழத்தோடு கூடும் உராய்வு பிடித்துக்கொள்ளும். உருண்டைகளைப் போட்டுப் பார்த்த சோதனைகளில், உயரத்தை எட்டு மடங்காக்கினால் ஆழம் ஏறக்குறைய இரண்டு மடங்குதான் ஆகிறது.

உள்ளே நடப்பது கண்ணுக்குத் தெரியாது. அதற்குத்தான் கணினி. 1979 இல் பீட்டர் கண்டலும் ஓட்டோ ஸ்ட்ராக்கும் வெளியிட்ட முறையில் மணல் என்று ஒரு பொருளே கிடையாது, மணிகள் மட்டும்தான். இரண்டு மணிகள் தொட்டால் நடுவில் ஒரு சுருள்வில், கூடவே ஸ்கூட்டரில் இருப்பதுபோல் அதிர்வை விழுங்கும் ஓர் அமைப்பு. பக்கவாட்டில் இன்னொரு வில். உராய்வின் வரம்பு மீறினால் மணி வழுக்கும். மீதியை நியூட்டன் பார்த்துக்கொள்வார். 1 மில்லிமீட்டர் மணிகள் ஒரு லிட்டர் படியில் பத்து லட்சத்துக்கு மேல் பிடிக்கும். ஒவ்வொன்றுக்கும் மைக்ரோ நொடிக்கு ஒருமுறை கணக்கு!

எனக்குச் சலிக்காத காட்சி இனிமேல்தான். திரையில் குண்டு இறங்கும்போது விசை எல்லா மணிகளுக்கும் சமமாகப் பரவுவதில்லை. சிவாஜிநகர் பஸ் நிலையத்தில் முண்டியடிக்கும்போது ஒருவர் தோளிலிருந்து அடுத்தவர் தோளுக்குத் தள்ளு போகும். பக்கத்தில் நிற்பவர் நிம்மதியாகக் கடலை கொறிப்பார். அப்படியே சில மணிகள் வரிசைகட்டிச் சுமையின் பெரும்பகுதியைத் தாங்குகின்றன. இதை விசைச் சங்கிலி என்கிறார்கள். குண்டு நகர நகரச் சங்கிலிகள் முறியும், வேறிடத்தில் முளைக்கும். 'சங்கிலி கட்டு' என்று நிரலில் ஒரு வரிகூட யாரும் எழுதவில்லை!

மணிகளை இப்படி இறுக்கிப் பிடித்திருப்பது மேலே கிடக்கும் மணலின் எடை. மேற்பரப்பில் அந்த எடை இல்லை. விரல் எளிதாக நோண்டுகிறது. எடை என்பது பூமி இழுப்பதுதானே. ஆக, கொத்தனார் சொன்னதும் முழுத் தவறில்லை.

நிலவில் தரையிறங்கும் சோதனைக்காக, நிலவு மண்ணை ஒத்த நாமக்கல் சித்தம்பூண்டிப் பாறையை இடித்து இஸ்ரோ இதே பெங்களூருவுக்குக் கொண்டுவந்தது. ராக்கெட்டுக்குக் கைதட்டுகிற நாம், மணல் ஆய்வுக்குப் பணம் என்றால் முகம் சுளிக்கிறோம்.

பென்னு சிறுகோளில் ஈர்ப்பு அற்பம், மணிகளை இறுக்கும் எடையும் அற்பம். 2020 அக்டோபரில் நாசாவின் ஒசைரிஸ்-ரெக்ஸ் விண்கலத்தின் கை அங்கே தொட்டதும் சுமார் அரை மீட்டர் உள்ளே போய்விட்டது. உடனே உந்துபொறிகளை இயக்கி விலகியதால் அதோடு நின்றது.